இரத்த உறவு: இல்லை

என் தங்கையின் மகளுடைய கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒரு பொய் இருந்தது. எழுதியவர் ஒரு டொக்டர். சொன்னவன் நான். பெற்றோருக்குள் இரத்த உறவு உண்டா என்ற கேள்விக்கு நேரே, இங்கிலிசில், இல்லை என்று நீல மையில் எழுதியிருந்தது. எனக்கு இங்கிலிஸ் பெரிதாக வராது. ஆனால் அந்த ஒரு சொல்லைத் தெரியாதவன் இல்லை. மூன்று வருடமாக அந்தக் கொப்பியைத் திறந்த டொக்டர்மார் எல்லாரும் அந்த வரியை வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்கள்.

அந்தப் பொய் ஆசுப்பத்திரியில் பிறந்ததல்ல. அதை நான் முதலில் சொன்னது கோயிலில்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். கடலடியில் மூழ்கிக் கடலட்டை குளித்திருக்கிறேன், றோட்டுக்குத் தார் ஊற்றியிருக்கிறேன், லொறியில் மூட்டை ஏற்றியிருக்கிறேன், நெல் வெட்டும் மிசினோடு ஊர் ஊராகப் போயிருக்கிறேன். ஓரிடத்தில் ஆறு மாதம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கத் தொடங்கும். எங்கள் குடும்பம் முல்லைத்தீவுக் கரையில் கடலையும் கடலோடு ஒட்டிய உப்புநீர்க் களப்பையும் நம்பி இருந்த வேதக்காரக் கத்தோலிக்கக் குடும்பம். சண்டையின் கடைசி மாதங்களில் அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். நானும் தங்கையும் வெளியே வந்து செட்டிகுளம் பக்கத்து முகாமில் ஒரு கூடாரத்தில் இருந்தோம். ஊருக்குத் திரும்ப விட்டபோது எங்களுக்கு மிச்சமிருந்த சொந்தம் மாமி ஒருத்திதான், அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. அவவுக்கு ஒரே மகன். கடலுக்குப் போகிறவன், குடியில்லை, குரல் உயர்த்திக் கதைக்க மாட்டான்.

மாமி ஒருநாள் வந்து தகரக் கொட்டிலுக்கு முன்னால் நின்று கேட்டா.

"என்ர அண்ணன்ர பிள்ளையை வேற ஆருக்கும் குடுக்கப்போறியோ?"

"அவளைக் கேளுங்கோ மாமி."

"அவளைக் கேட்டிட்டுத்தான் வாறன். உன்னைச் சும்மா மரியாதைக்குக் கேக்கிறன்."

எங்கள் வழக்கத்தில் மச்சானும் மச்சாளும் கட்டுவது புதினமில்லை. பிறந்த அன்றைக்கே யாராவது பகிடியாகச் சொல்லிவைத்து விடுவார்கள். ஆனால் வேதத்தில் சொந்த மச்சான் மச்சாள் கட்டுவதற்கு ஆயரிடமிருந்து விலக்கு வேண்டும். அது பெரிய கரைச்சலும் இல்லை. பங்குச் சுவாமியார் கடிதம் எழுதுவார், ஆயர் கையெழுத்து வைப்பார், சில கிழமையில் பதில் வரும். விலக்கு இல்லாமல் கட்டினால் கோயிலின் கணக்கில் அது கலியாணமே இல்லை. பின்னாளில் இன்னொரு சுவாமியார் இந்தக் குழப்பத்தை ஒரு புதன்கிழமைக் காலையில், கோயிலின் பின்னறையில், பத்து நிமிடத்தில் சரிசெய்து தந்தார். அவ்வளவு சின்ன வேலையைத்தான் நான் செய்யாமல் விட்டேன்.

அப்போது தவக்காலம் தொடங்கச் சில நாட்களே இருந்தன. தவக்காலத்தில் எங்களுக்குக் கலியாணம் இல்லை. ஆயரின் கடிதத்துக்குக் காத்திருந்தால் பாஸ்குத் திருநாள் முடிந்துதான் தாலி கட்டலாம். கனகராயன்குளத்தில் றோட்டு வேலைக்கு ஒரு கூட்டத்தோடு வருவதாக நான் சொல்லியிருந்தேன். இடம் போய்விடும் என்று எல்லாருக்கும் சொன்னேன். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. றோட்டு வேலை எங்கேயும் கிடைக்கும். ஒரு குமர்ப்பிள்ளைக்குக் காவலாக இருந்து எனக்குச் சலித்துப் போயிருந்தது. அவளை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு நடக்கவேண்டும் போல இருந்தது. இதை இப்போதுதான் எழுதுகிறேன், யாருக்கும் வாயால் சொன்னதில்லை.

சுவாமியார் ஊருக்குப் புதியவர். பழைய ஞானஸ்நானப் புத்தகங்கள் எல்லாம் இடம்பெயர்வில் எங்கேயோ போய்விட்டன. எங்கள் அப்பாவும் மாமியும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் என்று காட்ட ஒரு கடதாசியும் இல்லை. பெண்ணின் பக்கத்துக்குப் பொறுப்பாளும் சாட்சியும் நானே என்றபடியால் என்னைத் தனியாக இருத்தி விசாரித்தார். வேதப்புத்தகம் மேசையில் இருந்தது. அதன்மேல் கைவைக்கச் சொன்னார், வைத்தேன்.

"பெடியனும் பிள்ளையும் சொந்தமோ?"

"தூரத்துச் சொந்தம் பாதர்."

"எவ்வளவு தூரம்?"

"ஒரே கரை ஆக்கள். தேடிக்கொண்டு போனா எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம்தான் பாதர்."

அவர் சிரித்துக்கொண்டே எழுதினார். நல்ல மனிதர். மூன்று ஞாயிறு பூசையில் கலியாண அறிவிப்பு ஓலை வாசிக்கவேண்டிய இடத்தில் நாளில்லை என்று ஒன்றோடு விட்டார். ஊரில் எல்லாருக்கும் அவர்கள் சொந்த மச்சான் மச்சாள் என்று தெரியும். விலக்கு எடுத்திருப்பார்கள் என்று நினைத்து யாரும் வாய் திறக்கவில்லை. தங்கை மட்டும் கேட்டாள். அவள் கோயில் பாட்டுக்குழுவில் பாடுகிறவள், இந்த விசயங்களில் கவனம்.

"ஆயரின்ர கடிதம் வந்திட்டுதோ அண்ணை?"

"வந்திட்டுது. பாதரிட்டைக் கிடக்கு."

திங்கட்கிழமை கலியாணம் நடந்தது. நான் சாட்சிக் கையெழுத்து வைத்தேன். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று காலைப் பூசையில் வாங்கிய சாம்பல் நெற்றியில் இருக்கவே பஸ் ஏறிவிட்டேன்.

பிள்ளை பிறந்து இரண்டு வயது தாண்டும்வரை பெரிய குறை ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் பிந்தி உட்கார்ந்தாள், பிந்தி நின்றாள், அவ்வளவுதான். பிறகு சில கிழமைக்குள் இரண்டு கண்மணியும் வெளுத்தன. நான் அப்போது வீட்டில் இல்லை. மாமிதான் முதலில் கண்டவ. "அவிச்ச மீனின்ர கண் மாதிரி" என்று போனில் சொன்னா. கண்ணை வெட்டி உள்ளே இருந்ததை எடுத்து, தடித்த கண்ணாடி போட்டார்கள். அதோடு சரி என்று நினைத்தோம். சரியாகவில்லை. நான்கு வயதில்தான் நடந்தாள். நடந்ததும் நேரான நடை இல்லை. கடல் பழகாதவன் வள்ளத்தில் எழுந்து நிற்பது போல, காலை அகட்டி, இரண்டு கையையும் விரித்து, தரையே ஆடுகிறது என்பது போல நடந்தாள். கதையும் இழுத்து இழுத்துத்தான் வந்தது.

நான் வரும்போதெல்லாம் அவளைப் பகிடி பண்ணுவேன்.

"என்ன பிள்ளை, விடியக் காலமையே கள்ளு அடிச்சிட்டியோ?"

"மாமாதான் அடிச்சவர்," என்று அவள் இழுத்துச் சொல்வாள். எல்லாரும் சிரிப்போம். அவள்தான் எல்லாரையும் விடக் கூடச் சிரிப்பாள். ஒருமுறை அவள் கோப்பையை விழுத்தி உடைத்தபோது, சோம்பல், கவனமில்லை என்று நான் உறுக்கினேன். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றாள்.

மாமிக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. தேடிப் பிடித்துக்கொண்டா. தங்கை வயிற்றில் பிள்ளையோடு, ஆறாம் மாதத்திலும், களப்புக்குள் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கப் போனவள். அப்போது அவள் புருசனுக்கு, என் மச்சானுக்கு, வள்ளத்து இஞ்சின் பழுது, வீட்டில் வருமானமில்லை, அதனால் போனாள். அந்தக் களப்பில் சண்டைக் காலத்தில் என்னென்ன விழுந்தது, என்னென்ன கரைந்தது என்று எங்கள் ஊரில் எல்லாரும் ஒரு கதை வைத்திருக்கிறார்கள்.

"செல் மருந்து ஊறின தண்ணிக்குள்ள இடுப்பளவுக்கு நிண்டவள். நான் வேண்டாம் எண்டு சொல்லச் சொல்லக் கேக்காமல் போனவள்," என்று மாமி வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னா. மீன் வாங்க வந்தவர்களுக்கும் சொன்னா. ஒருநாள், "என்ர மோன்ர ரத்தத்தில இப்பிடி ஒண்டும் இல்லை," என்றும் சொன்னா. நான் பக்கத்தில் நின்று பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தேன்.

தங்கை எதிர்த்துக் கதைக்கவில்லை. அவளும் அதை நம்பினாள். அதற்குப் பிறகு அவள் களப்பில் கால் வைக்கவில்லை. இறால் சாப்பிடுவதை விட்டாள். ஆவணி மாதம் வெறுங்காலோடு மடு மாதா கோயிலுக்கு நடந்தாள். இன்னொரு பிள்ளை பெறச்சொல்லி மச்சான் கேட்டபோது, "ஒண்டைக் கெடுத்தது காணும்," என்று சொல்லிவிட்டாளாம். அதை மச்சான் எனக்குச் சொன்னபோது வலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

பிள்ளைக்கு ஆறு வயதானபோது பெரிய ஆசுப்பத்திரிக்கு அனுப்பினார்கள். மச்சான் கடலில். நான் ஊரில் நின்றபடியால் கூடப் போனேன். கண்ணுக்கு மருந்து விடுகிற இடத்தில் தங்கை பிள்ளையோடு இருக்க, நரம்பு டொக்டரின் அறையில் பெயர் கூப்பிட்டார்கள். இடம் போய்விடும் என்று நான் கொப்பியோடு உள்ளே போனேன். டொக்டர் முதல் பக்கத்தை நிரப்பத் தொடங்கினார். வயது, நிறை, எத்தனை மாதத்தில் பிறந்தது. பிறகு கேட்டார்.

"தாயும் தகப்பனும் சொந்தமோ?"

"தூரத்துச் சொந்தம்."

"எண்டா, இரத்த உறவு இல்லை?"

"இல்லை டொக்டர்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். டொக்டருக்கும் ஆயருக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் முகாமில் இருந்த காலத்தில் நாங்கள் எத்தனை மேசைக்கு முன்னால் நின்றோம் என்று கணக்கில்லை. ஒவ்வொரு மேசையிலும் அதே கேள்விகள். பெயர், ஊர், யார் யார் செத்தது, யார் யார் எங்கே. ஒரு மேசையில் சொன்னதற்கும் அடுத்த மேசையில் சொன்னதற்கும் ஒரு சொல் மாறினால் தனியாகக் கூட்டிக்கொண்டு போவார்கள். அங்கே நான் படித்த ஒரே பாடம், முதல் மேசையில் என்ன சொன்னாயோ அதையே எல்லா மேசையிலும் சொல் என்பது. கோயிலில் வேதப்புத்தகம் இருந்ததும் ஒரு மேசை. இதுவும் மேசை. வாய் தானாக அதே பதிலைச் சொன்னது. இது விளக்கம்தான். மன்னிப்புக்காகச் சொல்லவில்லை, ஏனென்றால் அறையை விட்டு வெளியே வந்து பத்து அடி நடக்குமுன்னமே பிழை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. திரும்பிப் போகவில்லை.

அடுத்த மூன்று வருடம் டொக்டர்மார் வேறு இடங்களில் தேடினார்கள். பிறக்கும்போது மூச்சுத் திணறியதா, வயிற்றில் இருக்கும்போது தாய்க்குக் காய்ச்சல் வந்து உடம்பில் பொரிந்ததா, என்ன மருந்து எடுத்தாள், எங்கே வேலை செய்தாள். அவர்கள் கேட்டதில் பிழையில்லை. ஆனால் ஒவ்வொரு கேள்வியும் தாய் என்ன செய்தாள் என்ற கேள்வியாகவே இருந்தது. தங்கை ஒவ்வொரு முறையும் களப்பைப் பற்றிச் சொன்னாள். எழுதிக்கொண்டார்கள். எழுதிக்கொண்டதைப் பார்த்து அவள் இன்னும் உறுதியாக நம்பினாள்.

பிறகு ஒரு புது டொக்டர் வந்தா. வயது குறைந்தவ, யாழ்ப்பாணப் பக்கக் கதை. கொப்பியைத் திறக்காமல் முதலில் பிள்ளையை நடக்கவிட்டுப் பார்த்தா. பிறகு தன் விரலை நீட்டி, "இதைத் தொடுங்கோ பாப்பம்," என்றா. பிள்ளையின் கை விரலைத் தாண்டிப் போனது. மறுபடி தாண்டியது.

"டொக்டர் விரலை ஆட்டுறீங்கள்," என்றாள் பிள்ளை.

"ஐயோ, கண்டுபிடிச்சிட்டீங்கள்," என்று டொக்டர் சிரித்தா. அவ கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைப் பார்த்தா. தொடையை அமத்திப் பார்த்தா. தங்கையை இரத்தம் எடுக்கும் படிவத்துக்கு அனுப்பிவிட்டு, கொப்பியைத் திறந்து முதல் பக்கத்தில் நின்றா.

"சின்ன வயதில கண் வெளுக்கிறது, இந்த நடை, தசைப் பெலயீனம். மூண்டும் சேர்ந்து வாற ஒரு வருத்தம் இருக்கு," என்றா. "ஆனா அது அனேகமா ரத்தச் சொந்தத்துக்குள்ள கட்டின குடும்பங்களிலதான் வாறது. இதில அப்பிடி இல்லை எண்டு கிடக்கு. வெளிநாட்டுக்கு ஒரு சோதினைக்குத்தான் இப்ப அனுப்ப வசதி இருக்கு. அதை வேற ஒண்டுக்கு அனுப்புவமோ எண்டு யோசிக்கிறன்."

பேனை கொப்பியின் மேல் நின்றது.

"அது பிழை டொக்டர்," என்றேன். "அவை சொந்த மச்சான் மச்சாள். எங்கட அப்பாவும் பெடியன்ர தாயும் ஒரு வயித்துப் பிள்ளையள்."

அவ நிமிர்ந்து பார்த்தா. "பிறகேன் இல்லை எண்டு கிடக்கு?"

"நான்தான் சொன்னனான். பாதருக்கும் அப்பிடித்தான் சொன்னனான்."

"நான் பாதர் இல்லையே."

நான் மேசைக் கரையைப் பார்த்தேன். அவ அந்தச் சொல்லின் மேல் ஒரு கோடு கிழித்தா.

"பிள்ளையின்ர தாய்க்கு இது தெரியுமோ?"

"மச்சான் எண்டு தெரியும். கொப்பியில இப்பிடிக் கிடக்கிறது தெரியாது."

"முடிவு வர மாதக்கணக்காகும். அதுக்குள்ள நீங்கள் சொல்லிப்போடுங்கோ. என்னட்டையிருந்து கேக்கிறதிலும் பாக்க உங்களிட்டையிருந்து கேக்கிறது நல்லம்."

சொல்கிறேன் என்றேன். இரண்டாம் நாள், செட்டிகுளத்தில் நெல் வெட்டுத் தொடங்கிவிட்டது என்று மிசின்காரன் கூப்பிட, போய்விட்டேன். ஒருநாள் மத்தியானம் தங்கை போன் எடுத்தாள். சாப்பிட்டீங்களோ என்று கேட்டாள். பிள்ளை மாமா எங்கே என்று கேட்கிறாள் என்றாள். பிறகு, "அண்ணை, அந்தச் சோதினையில அது நான் களப்புக்குப் போனதாலதான் எண்டு வந்தா, மாமிக்குச் சொல்லவேணுமோ?" என்று கேட்டாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். நாலு வசனம்.

"மிசின் சத்தம் பிள்ளை, ஒண்டும் கேக்கேல்லை. பிறகு எடுக்கிறன்," என்றேன். மிசின் வரம்போரமாக நின்றது. சாப்பாட்டு நேரம், இஞ்சின் நிற்பாட்டியிருந்தது. மயில் அகவுவது கூட அவளுக்குக் கேட்டிருக்கும்.

முடிவு வந்த நாளில் நான் நேராக ஆசுப்பத்திரிக்குப் போனேன். தங்கையும் பிள்ளையும் விடிய முதல் பஸ்ஸில் வந்து வெளி வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை என்னைக் கண்டு எழும்பி, கையை விரித்து, ஆடி ஆடி வந்து என் சாரத்தைப் பிடித்தாள். மூவருமாக உள்ளே போனோம்.

டொக்டர் ஒரு வெள்ளைத்தாளில் எஸ், ஐ, எல், பிறகு ஒன்று என்று எழுதினா. அது ஒரு மரபணுவின் பெயர், எல்லா மனிதருக்குள்ளும் இருக்கிறது என்றா. தங்கைக்கு விளங்கவேண்டும் என்று ஆறுதலாகச் சொன்னா.

"நீங்கள் சாறி மடிப்பீங்கள்தானே. பன்னிரண்டு முழத்தைத் தனிய மடிக்கேலாது. ஒராள் மற்றப் பக்கத்தைப் பிடிக்கவேணும். உடம்புக்குள்ளயும் அப்பிடித்தான். புரதம் எண்டு ஒரு சாமான் நீட்டுக்கு வரும். அது சரியா மடிஞ்சால்தான் வேலை செய்யும். மடியிறதுக்குப் பிடிச்சுக் குடுக்க உதவியாள் இருக்கினம். ஆனா அந்த உதவியாள் பிடிச்ச பிடியை விடாமல் நிண்டா?"

"அடுத்த சாறி மடிக்கேலாது," என்றாள் தங்கை.

"ஓம். அப்ப, 'மடிஞ்சது காணும், விடு, அடுத்ததைப் பிடி' எண்டு அந்த உதவியாளுக்குச் சொல்ல இன்னொராள் வேணும். அந்த ஆளைச் செய்யிற குறிப்புத்தான் இந்த மரபணு. உங்கட மகளுக்கு அந்தக் குறிப்பில எழுத்துப் பிழை. மற்ற இடங்களில உடம்பு எப்பிடியோ சமாளிக்குது. கண்ணில, சிறுமூளையில, தசையில சமாளிக்கேலாமல் மடியாத சாறியள் குவிஞ்சு போச்சு."

"மாத்தேலாதோ?"

"இப்போதைக்கு மருந்தில்லை. ஆனா இது உயிரை எடுக்கிற வருத்தமில்லை. பயிற்சி செய்யச் செய்ய நடப்பா. படிக்க விடுங்கோ. கண்ணாடியைக் கவனமாப் பாருங்கோ." பிறகு டொக்டர் சாதாரணமாக, ஏற்கெனவே தெரிந்த விசயம் போல, தொடர்ந்தா. "ஒவ்வொருத்தருக்கும் இந்தக் குறிப்பு ரெண்டு பிரதி இருக்கு. ஒண்டு பிழைச்சாலும் மற்றது வேலை செய்யும், வெளியில தெரியாது. நீங்களும் பிள்ளையின்ர தகப்பனும் மச்சான் மச்சாள் எண்டபடியால் ஒரே பிழை ரெண்டு பக்கத்தாலயும் வந்திருக்கு. அண்ணா அந்தக் கொப்பி விசயத்தைச் சொல்லாட்டி நான் இந்தச் சோதினைக்கு அனுப்பியிருக்க மாட்டன்."

"எந்தக் கொப்பி விசயம்?"

டொக்டர் என்னைப் பார்த்தா. நான் பிள்ளையின் செருப்பு வாரைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது. டொக்டர் கொப்பியைத் திருப்பித் தங்கைக்கு முன்னால் வைத்தா. கோடு கிழித்த சொல்லை அவள் பார்த்தாள். அருகில் இருந்த திகதியைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"டொக்டர்," என்றாள். "அப்ப நான் வயித்தில பிள்ளையோட களப்புக்குப் போனது?"

"அதுக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை."

"காய்ச்சலுக்கு மருந்து எடுத்தது?"

"இல்லை. நீங்கள் செய்த எதாலயும் இல்லை. செய்யாமல் விட்ட எதாலயும் இல்லை."

"இன்னொருக்காச் சொல்லுங்கோ."

டொக்டர் சொன்னா.

"எழுதித் தருவீங்களோ? தமிழில."

டொக்டர் ஒரு தாளை எடுத்து எழுதினா. அடுத்த பிள்ளையைப் பற்றியும் கதைத்தா. நாலு பேறில் ஒன்றுக்கு இப்படி வரலாம், மூன்றுக்கு வராமலும் விடலாம், இருவரும் வந்தால் ஆறுதலாகக் கதைப்போம் என்றா. தங்கை தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் பிள்ளை யன்னல் கரையில், தங்கை நடுவில், நான் கரைச் சீற்றில். நெடுங்கேணி தாண்டியது. பிறகு முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

"டொக்டருக்கு ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"முதல் சொன்னதையே சொல்லிப்போட்டன்."

"முதல் ஆருக்குச் சொன்னனீங்கள்?"

நான் பஸ் டிக்கெட்டை விரலில் சுருட்டினேன். அவள் படிக்காதவள் இல்லை. என்னை விட மூன்று வகுப்புக் கூடப் படித்தவள்.

"ஆயரின்ர கடிதம் வரவே இல்லை, என்ன?"

"இல்லை."

"அப்ப எனக்குக் கலியாணமே நடக்கேல்லை."

"அப்பிடியில்லைப் பிள்ளை, அதைச் சரிப்படுத்தலாம்..."

"நீங்கள் கதைக்காதேங்கோ."

யன்னலைப் பார்த்தபடி, மெதுவாகச் சொன்னாள். "இத்தனை வருசம் அந்தக் கிழவி என்னைத் தின்னேக்க, நீங்கள் பக்கத்தில இருந்து தேத்தண்ணி குடிச்சனீங்கள்."

அதற்குப் பிறகு வீடு வரும்வரை அவள் பிள்ளையோடு மட்டும்தான் கதைத்தாள். பஸ்ஸை விட்டு இறங்கும்போது நான் பிள்ளையைத் தூக்கக் கை நீட்டினேன். "அவள் நடப்பாள்," என்றாள்.

மாமி முற்றத்தில் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தா. மச்சான் பூவரசு நிழலில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் மாமி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தா.

"என்னவாம்? களப்புத் தண்ணிதானே?"

தங்கை சட்டைக்குள்ளிருந்த தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள். "மாமிக்கு வாசியுங்கோ."

"நீயே வாசியன் பிள்ளை."

"நீங்கள் வாசியுங்கோ."

நான் வாசிக்கும்போது எழுத்துக்கு எழுத்து நின்று போகிறவன். அன்றைக்கும் அப்படித்தான் போனேன். "இந்தப் பிள்ளையின் நோய்க்குத் தாய் கர்ப்ப காலத்தில் சாப்பிட்டதோ, எடுத்த மருந்தோ, செய்த வேலையோ, போன இடமோ காரணம் அல்ல. இது தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பிறப்பிலேயே வந்த மரபணுக் குறை. இது இருவருக்கும் பொதுவான மூதாதையரிடமிருந்து வந்தது."

"பொதுவான எண்டா ஆர்?" என்று மாமி கேட்டா.

"உங்கட அப்பா. இல்லாட்டி அம்மா," என்றேன். "அதில ஒராளிட்டையிருந்து எங்கட அப்பாவுக்கும் வந்தது, உங்களுக்கும் வந்தது."

"உது பொய். எங்கட ஆக்கள் எல்லாரும் கடலில ஓடி விளையாடினவை. ஆருக்குக் கால் வளைஞ்சது?"

"ஒண்டு மட்டும் இருந்தா ஒண்டும் செய்யாதாம் மாமி. உங்களிட்டையும் இருக்காம். எங்கட அப்பாவிட்டையும் இருந்ததாம்."

மாமி தன் கையைப் பார்த்தா. மீன் செதிலும் உப்பும் ஒட்டிய கை. மறுபக்கம் திருப்பியும் பார்த்தா. பிள்ளை அவவிடம் போய் அந்தக் கையைப் பிடிக்க எட்டினாள். முதலில் தவறியது, இரண்டாம் முறை பிடித்தாள். மாமி கையை இழுக்கவில்லை. கருவாட்டுப் பக்கம் பார்த்தபடி நின்றா.

நான் தாளை மடிக்கத் தொடங்கினேன்.

"முடிஞ்சுதோ?" என்றாள் தங்கை.

"முடிஞ்சுது."

"இல்லை. மிச்சத்தையும் வாசியுங்கோ."

தாளில் டொக்டரின் கையெழுத்தையும் திகதியையும் தவிர மிச்சம் ஒன்றும் இல்லை. மச்சான் வலையை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தான். றோட்டில் முல்லைத்தீவுப் பஸ் திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. நான் தாளை மறுபடி விரித்தேன். முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து நின்று, "கலியாணத்துக்கு ஆயரிட்டையிருந்து கடிதம் வரேல்லை," என்று தொடங்கினேன்.